நொதிகளுக்குத் தப்பும் மருந்துகள்: பெப்டைடு மருந்துகளின் நூறாண்டு வரலாறு

அமினோ அமிலங்கள் சில ஒன்றோடொன்று கோக்கப்பட்டு உருவாகும் குறுஞ்சங்கிலியே பெப்டைடு ஆகும். சங்கிலி நீண்டு மடிந்தால் அதைப் புரதம் என்கிறோம். நம் உடலில் உள்ள ஹார்மோன்கள் பலவும் பெப்டைடுகளே. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்துவது, வளர்ச்சியை மட்டுப்படுத்துவது, உணவு உண்டபின் இன்சுலினைச் சுரக்கச் செய்வது போன்ற பணிகளை இவை செய்கின்றன. ஆகவே இவற்றை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகவே இருந்தது.

அந்த எண்ணத்திற்குத் தடையாக நின்றவை நொதிகள். இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின், இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் இன்னும் பல நொதிகள் பெப்டைடுகளை வெட்டித் துண்டாக்குகின்றன. நாம் உண்ணும் பருப்பும் முட்டையும் செரிப்பது இந்த நொதிகளால்தான். வயிற்றுக்குள் வந்தது உணவா, உயிர்காக்கும் மருந்தா என்று அவை பார்ப்பதில்லை. இந்த நொதிகளிடமிருந்து மருந்தைக் காப்பாற்ற வேதியியலாளர்கள் எடுத்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நொதிகள் எவ்வாறு வெட்டுகின்றன?

ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்வோம். அதை அழிக்க இரண்டு வழிகள் உண்டு. நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்க்கலாம். அல்லது நடுவில் நறுக்கலாம். நொதிகளிலும் இவ்விரு வகைகள் உள்ளன. சில, சங்கிலியின் முனையிலிருந்து ஒன்றிரண்டு அமினோ அமிலங்களைக் கழற்றுகின்றன. வேறு சில, குறிப்பிட்ட அமினோ அமிலத்தைக் கண்டால் அதை அடுத்துள்ள பிணைப்பை வெட்டுகின்றன. டிரிப்சின், லைசின் அல்லது ஆர்ஜினினை அடுத்து வெட்டும். கைமோடிரிப்சின், பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபான் போன்றவற்றை அடுத்து வெட்டும்.

வெட்டுவதற்கு நொதி தன் பள்ளத்தில் சங்கிலியைச் சரியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். அமினோ அமிலங்களில் கிளைசினைத் தவிர மற்றவற்றுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்று மற்றதன் எதிர்வடிவம். இயற்கைப் புரதங்களில் இருப்பவை எல்-வடிவம்; அதன் எதிர்வடிவம் டி-வடிவம். வலது கால் செருப்புக்குள் இடது காலை நுழைத்தால் பொருந்தாது அல்லவா? எல்-வடிவத்திற்காக அமைந்த நொதியின் பள்ளத்தில் டி-வடிவமும் அவ்வாறே பொருந்துவதில்லை.

இந்த உண்மை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பெர்லினில் பணியாற்றிய எமில் ஃபிஷர் 1901இல், எர்னஸ்ட் ஃபுர்னோவுடன் சேர்ந்து, இரண்டு கிளைசின்களை இணைத்து மிக எளிய பெப்டைடைத் தயாரித்தார். பெப்டைடு என்ற பெயரும் அவர் தந்ததே. பின்னர் அவரும் எமில் ஆப்டர்ஹால்டனும் செயற்கைப் பெப்டைடுகளைக் கணையநீருடன் சேர்த்துச் சோதித்தனர். இயற்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை சிதைந்தன. எதிர்வடிவம் கலந்தவை சிதையாமல் நின்றன. எனினும் இந்த அறிவு ஒரு மருந்தாக மாற ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

இன்சுலின்: முதல் வெற்றியும் தீராத சிக்கலும்

முதல் பெரிய பெப்டைடு மருந்து இன்சுலின். அதன் கதையே நொதிகளைப் பற்றிய கவலையில்தான் தொடங்குகிறது. கணையம் இரண்டு வேலைகளைச் செய்யும் உறுப்பு. அது செரிமான நொதிகளையும் சுரக்கிறது, இன்சுலினையும் சுரக்கிறது. கணையத்தை அரைத்துச் சாறு எடுக்கும்போது அதிலுள்ள நொதிகளே இன்சுலினை அழித்துவிடுகின்றன என்று கனடாவின் பிரெடரிக் பேண்டிங் கருதினார். கணையநாளத்தைக் கட்டிவிட்டால் நொதி சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், இன்சுலின் சுரக்கும் பகுதி எஞ்சும் என்பது அவர் திட்டம். 1921 கோடையில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெஸ்ட்டுடன் சேர்ந்து நாய்களில் அவர் சோதனைகளைத் தொடங்கினார்.

இத்தனை சிரமம் தேவையில்லை என்பது பின்னர் தெரிந்தது. புதிய கணையத்தில் டிரிப்சின் செயலற்ற முன்னோடி வடிவில்தான் இருக்கிறது. ஆல்கஹால் கொண்டு சாறெடுத்தால் மாட்டுக் கணையத்திலிருந்தே இன்சுலின் கிடைத்தது. ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்தும் முறையைக் கண்டார். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதில் பெரிய பயன் இல்லை. ஜனவரி 23 அன்று காலிப் தூய்மைப்படுத்திய சாறு செலுத்தப்பட்டபோது அவன் இரத்தச் சர்க்கரை குறைந்தது. அதுவரை முதல்வகை நீரிழிவு வந்த குழந்தைகள் பட்டினி உணவில் எலும்பும் தோலுமாகி இறப்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே பேண்டிங்கிற்கும் ஆய்வகத் தலைவர் ஜே. ஜே. ஆர். மக்ளியாடிற்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் இன்சுலினை வாயால் விழுங்க முடியாது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட அதனை வயிறும் குடலும் உணவைப் போலவே செரித்துவிடும். தப்பிப் பிழைக்கும் சிறு பகுதியும் குடற்சுவரைக் கடப்பதில்லை, ஏனெனில் அது பெரிய மூலக்கூறு. ஆகவே ஊசி ஒன்றே வழியாயிற்று. ஒரு நூற்றாண்டு கடந்தும் முதல்வகை நீரிழிவுள்ள குழந்தை நாள்தோறும் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

பிராகாவில் ஒரு சிறு மாற்றம்

அடுத்த முன்னேற்றத்திற்கு, பெப்டைடுகளை விரும்பியபடி கோக்கும் திறன் தேவைப்பட்டது. அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆக்சிடோசின் என்ற ஒன்பது அமினோ அமில ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் நோபல் பரிசு பெற்றார். 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு, சங்கிலியின் ஒரு முனையைத் திண்மப் பிசின் மணியில் பொருத்திவிட்டு அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறையை வெளியிட்டார். மாதக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. ஓர் இடத்தில் ஒரு மணியை மாற்றிப் பார்ப்பது எளிதாயிற்று.

ஆக்சிடோசினின் உடன்பிறப்பு போன்றது வாசோபிரசின். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிப்படும் இந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கிறது. இது சுரக்காதவர்களுக்கு டயபடிஸ் இன்சிபிடஸ் என்ற நோய் வருகிறது. பெயரில் டயபடிஸ் இருந்தாலும் இதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. நோயாளி ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழிக்கலாம், தாகமும் அடங்காது, இரவில் உறங்க முடியாது. வாசோபிரசினையே மருந்தாகக் கொடுத்தால் அது இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்தது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது.

1967இல் செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகத்தின் பிராகா ஆய்வகத்தில் மிலன் சவோரலும் அவருடைய குழுவினரும் இதில் இரண்டே மாற்றங்களைச் செய்தனர். முதல் அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியை நீக்கினர். முனையிலிருந்து உதிர்க்கும் நொதிகளுக்கு அந்தத் தொகுதிதான் பிடி. பிடி போனதும் அவற்றால் கடிக்க முடியவில்லை. எட்டாவது இடத்திலிருந்த எல்-ஆர்ஜினினை எடுத்துவிட்டு டி-ஆர்ஜினினை வைத்தனர். இவ்வாறு உருவானதே டெஸ்மோபிரசின். இதன் பயன் நிமிடங்களிலிருந்து பல மணி நேரமாக நீண்டது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் குணமும் ஏறக்குறைய நீங்கியது. படுக்கும்முன் மூக்கில் மருந்திட்டு விடியும்வரை உறங்கும் வாய்ப்பு நோயாளிகளுக்குக் கிடைத்தது.

இந்த மருந்துக்கு எதிர்பாராத இன்னொரு பயனும் வந்தது. இது இரத்தத்தில் எட்டாம் உறைகாரணியின் அளவை உயர்த்தும் என்று அறிந்த இத்தாலிய மருத்துவர் பியர் மன்னுச்சியும் குழுவினரும், லேசான ஹீமோபிலியா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பயன் கண்டு 1977இல் வெளியிட்டனர். அக்காலத்தில் மற்றொரு சிகிச்சை, பலருடைய பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரித்த உறைகாரணிதான். சில ஆண்டுகளில் அதன் வழியாக எச்ஐவி கிருமி ஆயிரக்கணக்கான ஹீமோபிலியா நோயாளிகளைத் தொற்றியது. டெஸ்மோபிரசினால் சமாளிக்க முடிந்தவர்கள் அந்த ஆபத்தைத் தவிர்க்க முடிந்தது.

நிமிடங்களை மணிகளாக்கியவர்கள்

1970களில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும் ஹார்மோன்கள் அடுத்தடுத்து இனங்காணப்பட்டன. இப்பணிக்காக ரோஜர் கீய்மேன், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோர் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அவற்றுள் இரண்டு இங்கே முக்கியமானவை.

முதலாவது, பாலியல் சுரப்பிகளைத் தூண்டும் கட்டளையைத் தொடங்கி வைக்கும் பத்து அமினோ அமில ஹார்மோன். இதன் கட்டமைப்பு 1971இல் தெரிந்தது. ஆறாவது இடத்தில் உள்ள கிளைசினை டி-அமினோ அமிலமாக மாற்றினால் நொதிகள் வெட்டுவது குறைந்தது. ஆற்றல் பல மடங்கு கூடியது. அவ்வாறு பிறந்தவையே லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின், கோசெரெலின் முதலியன. இங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. இயற்கை ஹார்மோன் விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்கும்போது சுரப்பியைத் தூண்டுகிறது. சிதையாத மருந்து இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருந்ததால் பிட்யூட்டரி செவிமடுப்பதையே நிறுத்திவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அடங்கியது. புராஸ்டேட் புற்றுநோய் அந்த ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டியிருந்தார். அதற்கு அறுவை மூலம் விரைகளை நீக்குவது வழக்கமாக இருந்தது. 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லியூப்ரோலைடு, அறுவையின்றி அதே விளைவைத் தந்தது. பின்னர், உடலுக்குள் மெல்லக் கரையும் பல்படித் துகள்களில் மருந்தை அடைத்து மாதம் ஒருமுறை போடும் ஊசியும் வந்தது.

இரண்டாவது சொமட்டோஸ்டாட்டின். வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் இந்த 14 அமினோ அமிலச் சங்கிலி 1973இல் கண்டறியப்பட்டது. முகமும் கைகால்களும் பருத்துப்போகும் அக்ரோமெகலி நோய்க்கு இது பொருத்தமான மருந்தாகத் தோன்றியது. ஆனால் இரத்தத்தில் இதன் அரை ஆயுள் மூன்று நிமிடத்திற்கும் குறைவு. அரை ஆயுள் என்பது மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் வில்ஃபிரீட் பவுவர் குழுவினர், 14இல் உண்மையில் வேலை செய்யும் நான்கு அமினோ அமிலங்களைச் சுற்றி ஒரு சிறு வளையத்தைக் கட்டினர். மொத்தம் எட்டே அலகுகள். தொடக்கத்தில் டி-பினைல்அலனின், நடுவில் டி-டிரிப்டோபான், முடிவில் அமிலத் தொகுதிக்குப் பதிலாக ஆல்கஹால் தொகுதி. தலை, வயிறு, வால் மூன்றும் காக்கப்பட்டன. 1982இல் வெளியிடப்பட்ட இந்த ஆக்டிரியோடைடின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 1988இல் இது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இயற்கை கற்பித்த பாடங்கள்

மனிதர் செய்த இந்த மாற்றங்களை நுண்ணுயிர்கள் முன்பே செய்திருந்தன. நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநில மண்ணில் கிடைத்த பூஞ்சை ஒன்றிலிருந்து சைக்ளோஸ்போரின் பிரிக்கப்பட்டது. இது 11 அமினோ அமிலங்களால் ஆன வளையம். வளையத்திற்கு முனையே இல்லை. ஆகவே முனையில் கடிக்கும் நொதிகளுக்கு இடமில்லை. பெப்டைடு பிணைப்புகளில் ஏழு, மெத்தில் தொகுதியால் மூடப்பட்டுள்ளன. ஒரு டி-அலனினும் உண்டு. இதன் பயனாக இந்தப் பெப்டைடை வாயால் உட்கொள்ள முடிகிறது. உடலின் எதிர்ப்பாற்றலை இது அடக்கும் என்பது 1970களின் தொடக்கத்தில் தெரிந்தது. 1978இல் கேம்பிரிட்ஜின் ராய் கான் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்தினார். பிறர் உறுப்பை உடல் ஏற்காமல் தள்ளிவிடும் சிக்கல் பெருமளவு குறைந்து, உறுப்பு மாற்று அறுவை வழக்கமான சிகிச்சையானதில் இம்மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பூஞ்சைகள் தந்த மற்றொரு பாடம், ஏஐபி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்ஃபா-அமினோஐசோபியூட்டிரிக் அமிலம். அலனினில் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் இன்னொரு மெத்தில் தொகுதி இருந்தால் அதுவே ஏஐபி. இதன் சிறப்பைப் புரிந்துகொள்ளச் சென்னைக்கு வர வேண்டும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத கோணங்கள் மட்டுமே அதில் அனுமதிக்கப்பட்ட பகுதிகள். இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் உள்ள இராமச்சந்திரன் வரைபடம் இதுவே. அந்த வரைபடத்தில் ஏஐபிக்கு மிகக் குறுகிய இடமே உண்டு. அது சங்கிலியைச் சுருளாகத் திருப்பிவிடுகிறது. புரதத்தை வெட்டும் நொதிகளோ தம் பள்ளத்தில் சங்கிலி நீட்டிப் படுத்திருப்பதையே விரும்புகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ப. பலராம் குழுவினர் ஏஐபி கொண்ட பெப்டைடுகளின் வடிவங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து இந்த அறிவை வளர்த்தனர்.

இரண்டு நிமிடத்திலிருந்து ஒரு வாரம் வரை

இந்தப் பாடங்கள் எல்லாம் ஒன்றுகூடிய மருந்து வகை ஜிஎல்பி-1. உணவு உண்டதும் குடல் சுரக்கும் இந்த ஹார்மோன், சர்க்கரை கூடியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுகிறது. பசியையும் குறைக்கிறது. ஆனால் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டு நிமிடமே. டிபிபி-4 என்ற நொதி, இரண்டாம் இடத்தில் அலனினைக் கண்டவுடன் முதல் இரண்டு அமினோ அமிலங்களைக் கழற்றிவிடுகிறது. கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட், கரோலின் டீக்கன் முதலியோர் 1990களில் இதனைத் தெளிவாக்கினர்.

விடை ஒன்று பல்லியிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப்பல்லியின் நஞ்சை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஜான் எங் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். ஜிஎல்பி-1ஐப் போன்றே வேலை செய்யும் எக்சென்டின்-4 என்ற பெப்டைடை அதில் கண்டு 1992இல் வெளியிட்டார். அதன் இரண்டாம் இடத்தில் அலனின் இல்லை, கிளைசின் இருந்தது. ஆகவே டிபிபி-4 அதை எளிதில் வெட்டவில்லை. இதுவே எக்செனடைடு என்ற பெயரில் 2005இல் மருந்தாக வந்தது. நாளுக்கு இரண்டு ஊசி. வேறு சிலர் எதிர்த்திசையில் சிந்தித்து, ஹார்மோனை விட்டுவிட்டு நொதியையே தடுத்தனர். 2006இல் வந்த சிட்டாகிளிப்டின் மாத்திரை அந்த வகை.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டெ பியெர்ரெ நுட்சன் தலைமையிலான குழு மூன்றாம் வழியை எடுத்தது. ஜிஎல்பி-1 சங்கிலியில் ஒரு கொழுப்பு அமிலத்தைத் தொங்கவிட்டால் அது இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பெரிய ஆல்புமினின் நிழலில் நிற்கும் பெப்டைடை நொதி எளிதில் நெருங்காது. சிறுநீரகமும் வடிகட்டி வெளியேற்றாது. லிராகுளூடைடு இவ்வாறு 13 மணி நேர அரை ஆயுள் பெற்றது. நாளுக்கு ஓர் ஊசி போதும். அடுத்து, இரண்டாம் இடத்து அலனினை எடுத்துவிட்டு ஏஐபியை வைத்தனர். கொழுப்பு அமிலத்தையும் மேம்படுத்தினர். அதுவே 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செமாகுளூடைடு. அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம்.

2019இல் செமாகுளூடைடு மாத்திரையாகவும் வந்தது. சால்காப்ரோசேட் சோடியம் என்ற துணைப்பொருள், மாத்திரை கரையும் இடத்தில் அமிலத்தன்மையைத் தணித்துப் பெப்சினின் வேகத்தைக் குறைக்கிறது. இரைப்பைச் சுவர் வழியாக மருந்து உட்புகவும் உதவுகிறது. ஆயினும் விழுங்கியதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இரத்தத்தை அடைகிறது. வாரத்திற்கு அரை மில்லிகிராம் ஊசி பெறுபவர் மாத்திரைக்கு மாறினால் நாளுக்கு 14 மில்லிகிராம், அதாவது வாரத்திற்கு 98 மில்லிகிராம் உட்கொள்ள நேரலாம். எஞ்சியதை நொதிகள் தின்றுவிடுகின்றன. அந்த வீணும் நோயாளி கொடுக்கும் விலையில் அடக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிதையாமை எப்போதும் நன்மையா?

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவர், நொதிகள் மருத்துவத்தின் பகைவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹார்மோன் விரைவில் சிதைவது உடலின் குறைபாடன்று. கொடுத்த கட்டளையை உடனே திரும்பப் பெறும் வழி அதுதான். சிதையாத மருந்தைக் கொடுக்கும்போது அந்த வழியை நாம் அடைத்துவிடுகிறோம்.

டெஸ்மோபிரசின் எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், வெளியேற வழியின்றி நீர் தங்கி இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வாரம் ஒருமுறை போடும் ஊசியால் வாந்தி வந்தால், அதை மறுநாளே நிறுத்திவிட முடியாது. இன்சுலினில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மூன்று அமினோ அமிலங்களை மாற்றி, கொழுப்பு அமிலம் சேர்த்து உருவாக்கிய வாராந்திர இன்சுலினான ஐகோடெக்கிற்கு 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விண்ணப்பத்தை அப்போதைக்கு ஏற்கவில்லை. முதல்வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் அந்த ஆய்வின்போது முக்கியமாக எழுப்பப்பட்டது. வாரத்திற்கு ஏழு ஊசி ஒன்றாகக் குறைவது பெரிய ஆறுதல்தான். ஆனால் காய்ச்சலிலோ பட்டினியிலோ சர்க்கரை இறங்கும் நாளில், உடலில் ஏற்கெனவே இருக்கும் இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே நல்ல பெப்டைடு மருந்தை வடிவமைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நொதி எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது முதல் கேள்வி. அதற்கு மேலே கூறிய வழிகள் உள்ளன. இந்த நோயாளிக்கு இந்தக் கட்டளை எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. இரவு முழுதும் உறங்க வேண்டியவருக்கு எட்டு மணி நேரம் போதும். புற்றுநோயாளிக்கு மாதக்கணக்கில் தேவை. இன்சுலின் ஊசிக்கு ஒவ்வொரு நாளும் கையை நீட்டும் குழந்தைக்கு, தேவையானபோது வேலை செய்து, தேவை தீர்ந்ததும் ஓய்ந்துவிடும் மருந்து வேண்டும். அதை விழுங்கும் மாத்திரையாகத் தரும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1922இல் தொடங்கிய அந்த வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.